கட்டி மார்பில், கணக்கு ஈரலில்

எலியின் ஈரலை வெளியே எடுத்ததும் ஐஸில் போட வேண்டும், எடுத்த கையோடு, பேச்சுக் கொடுக்காமல். எம்.ஃபில். சேர்ந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். குளிர்ந்த உப்புநீரில் அலசி, வடிதாளில் ஒற்றி, எடை பார்த்து, ஒரு துண்டை மட்டும் வெட்டி பஃபரில் போட்டு அரைத்தால் பழுப்பும் சிவப்புமாக ஒரு கரைசல் வரும். ஹோமோஜினேட் என்போம். அடுத்த ஆறேழு மாதம் என் சோறும் தூக்கமும் அந்தக் கரைசலை வைத்துத்தான் முடிவானது.

எங்கள் எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் கிடையாது. மார்பில்தான் கட்டி. டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளை எண்ணெயில் கரைத்து வாய்வழியாகக் கொடுப்போம். சில வாரங்கள் கழித்துப் பெண் எலிகளின் மார்புக் காம்புகளை ஒட்டி, முதலில் பட்டாணி அளவில், அப்புறம் நெல்லிக்காய் அளவில் கட்டி வரும். இந்த முறையைப் பிரபலமாக்கியவர் சிகாகோவில் இருந்த சார்லஸ் ஹக்கின்ஸ். பிறந்து 50 நாள் ஆன எலிக்கு ஒரே ஒரு வேளை 20 மில்லிகிராம் கொடுத்தால் போதும், மார்புக் கட்டி வந்துவிடும் என்று 1961-இல் காட்டினார். அவர் அதைக் கரைத்துக் கொடுத்தது நல்லெண்ணெயில். எங்கள் துறையில் சூரியகாந்தி எண்ணெய், அதுவும் மாதக் கடைசியில் யாராவது கைக்காசு போட்டு வாங்கி வந்தால்தான்.

கட்டி மார்பில் இருக்க, ஈரலை ஏன் அரைக்கிறோம்? இந்தக் கேள்வியை நான் ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுக் கேட்டேன். “எல்லாரும் ஈரல்தான் பார்க்கிறாங்க, நீயும் பாரு” என்றார் என் ஆய்வை வழிநடத்திய மேடம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நானே பதினைந்து வருடம் தாமதமாக எழுதிக்கொள்ளும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரலில் நாங்கள் பார்த்தவற்றில் முக்கியமானது கேடலேஸ். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிற என்சைம். புண்ணில் பெராக்சைடை ஊற்றினால் புசுபுசுவென்று நுரைக்கிறதே, அது இந்த ஆளுடைய வேலைதான். தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்த யாரையாவது பிடித்து ‘சின்ஹா மெத்தட்’ என்று சொல்லிப் பாருங்கள், முகத்தில் ஒரு களைப்பு வந்து போகும். 1972-இல் வந்த முறை அது. ஹோமோஜினேட்டோடு பெராக்சைடைச் சேர்த்துவிட்டு, ஸ்டாப் வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, 15, 30, 45, 60 விநாடிகளில் ஒவ்வொரு குழாயிலும் டைகுரோமேட்டும் அசிட்டிக் அமிலமும் கலந்த மஞ்சள் கரைசலை ஊற்றி நிறுத்த வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால், உடையாமல் மிஞ்சியிருக்கிற பெராக்சைடுக்குத் தக்கபடி மஞ்சள் பச்சையாக மாறும். பச்சை கூடினால் கேடலேஸ் குறைவு என்று அர்த்தம். கட்டியுள்ள எலிகளின் குழாய்கள் பச்சைப் பசேல் என்று இருக்கும். கலரிமீட்டரில் வைக்கத் தேவையே இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே எது எந்தக் குழு என்று சொல்லிவிடலாம். ஆறு ஆறு எலியாக எத்தனை முறை செய்தாலும் அதேதான்.

அந்தப் பச்சைக்கு நான் தீசிஸில் எழுதிய விளக்கம் ஒரே வரி. புற்றுநோயில் பெராக்சைடு போன்ற, திசுவை அரிக்கிற ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்குதல் அதிகமாகிறது, அதைச் சமாளிப்பதில் கேடலேஸ் செலவாகிவிடுகிறது. இந்த வரியை நான் எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? என் சீனியரின் தீசிஸில் இருந்து. அவர் தன் சீனியரின் தீசிஸில் இருந்து. பக்கத்து மேசையில் சேராங்கொட்டை, அதற்கடுத்த மேசையில் கீழாநெல்லி, இந்தப் பக்கம் மஞ்சள், எல்லாருடைய தீசிஸிலும் மருந்து மட்டும்தான் மாறும், இந்த வரி மாறாது. வைவாவில் யாரும் இதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எலி எத்தனை கிராம் என்று கேட்டார், டீ குடித்தார், கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, பாடத்துக்காக வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன் என்ற பெயர் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் பெதஸ்தா நகரில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்தவர். 1940களிலேயே எலிகளின் உடம்பில் எங்கேயோ ஒரு கட்டியை வளரவிட்டு, தூரத்தில் இருக்கிற ஈரலில் கேடலேஸ் சரிவதை அளந்து வைத்திருக்கிறார். கட்டி பெரிதாகப் பெரிதாகக் கேடலேஸ் இறங்குகிறது. அதோடு நிற்கவில்லை. கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் கேடலேஸ் திரும்பவும் பழைய நிலைக்கு ஏறுகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. நாங்கள் வருடா வருடம் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததை ஒருவர் எங்கள் அப்பா அம்மா பிறப்பதற்கு முன்பே முடித்துவைத்துவிட்டார், அதுவும் எங்களைவிட நன்றாக.

நன்றாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், கட்டியை எடுத்துப் பார்ப்பது என்ற அந்த ஒரு படி எங்கள் சோதனையில் இல்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? டி.எம்.பி.ஏ.வை எலி வாய்வழியாக விழுங்குகிறது. குடலில் உறிஞ்சப்பட்டால் அது ஈரலுக்கும் போய்ச் சேருகிறது, அந்த விஷத்தை மாற்றியமைக்கிற என்சைம்களில் பெரும்பங்கும் அங்கேதான். அப்படியென்றால் நான் பார்த்த பச்சை, கட்டி செய்த வேலையா, கட்டியை உண்டாக்கக் கொடுத்த விஷம் நேரடியாக ஈரலில் செய்த வேலையா? என் எண்களை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு எலியில் வளர்ந்த கட்டியை இன்னொரு எலிக்கு மாற்றிவைத்து வளர்த்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. 1928-இல் சினையாக இருந்த ஒரு வெள்ளை எலியின் மார்பில் தானாகத் தோன்றிய வாக்கர் 256 என்ற கட்டியை அப்படித்தான் உலகம் முழுக்க எலிக்கு எலி மாற்றி இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். பழைய ஆட்கள் அது மாதிரியான கட்டிகளைப் பயன்படுத்தினார்கள். சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். கட்டி வந்த எலி குறைவாகச் சாப்பிடும், பட்டினியே ஈரலை மாற்றும். அதனால் கட்டியில்லாத எலிகள் சிலவற்றுக்கும் அதே குறைந்த அளவு தீனியை அளந்து போட்டு ஒப்பிட வேண்டும். நாங்கள் தீனியைக் கூண்டில் கொட்டிவிட்டுப் போய்விடுவோம்.

சரி, தூரத்தில் இருக்கிற கட்டி ஈரலுக்கு எப்படிச் சேதி அனுப்புகிறது? இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஜப்பானில் நடந்தது. தோக்கியோவில் வாரோ நகஹாராவும் ஃபுமிகோ ஃபுகுவோகாவும் 1948-இல், போர் முடிந்து நாடு இடிபாடாகக் கிடந்த காலத்தில், புற்றுத் திசுவை அரைத்து அதிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்து, நோயில்லாத சுண்டெலிக்கு ஊசி போட்டார்கள். கட்டியே இல்லாத அந்தச் சுண்டெலியின் ஈரலிலும் கேடலேஸ் இறங்கியது. ஆக, கட்டி எதையோ இரத்தத்தில் விடுகிறது. அதற்கு டாக்ஸோஹார்மோன் என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க அதைத் தேடினார்கள். ஒருவருக்கும் ஒரே பொருள் கிடைக்கவில்லை, ஆளுக்கு ஒன்றாகக் கிடைத்தது. கடைசியில் இன்னொரு குட்டும் உடைந்தது. அழுகிப்போன கட்டிகளில் பாக்டீரியா குடியிருக்கும், சாற்றில் இருந்த வீரியத்தில் நல்ல பங்கு அந்தப் பாக்டீரியாக்களுடையது. டாக்ஸோஹார்மோனின் மவுசு அத்தோடு குறைந்துவிட்டது.

என்னைக் கேட்டால் அந்தத் தவறே சரியான திசையைத்தான் காட்டியது. பாக்டீரியாவின் குப்பையைப் போட்டாலும் கேடலேஸ் இறங்குகிறது, கட்டி இருந்தாலும் இறங்குகிறது என்றால், ஈரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே மாதிரியான சேதி என்றுதானே அர்த்தம்? உடம்பில் எங்கேயோ சீழ் பிடித்திருக்கிறது, ஆறாத புண் ஒன்று இருக்கிறது, தயாராகு. கட்டியும், கட்டியைச் சுற்றி வந்து கூடுகிற வெள்ளை அணுக்களும் இன்டர்லூகின்-6 போன்ற சில புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. ஈரல் செல்லுக்குள் அது ஸ்டாட்-3 என்ற சுவிட்சைப் போட்டுவிடுகிறது. உடனே ஈரல் தன் அன்றாட வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அவசரகாலப் புரதங்களைச் செய்ய ஆரம்பிக்கிறது. ஃபைப்ரினோஜன் ஏறும், சுண்டெலியில் சீரம் அமைலாய்ட் ஏ எகிறும், ஆல்புமின் இறங்கும். இரும்பைப் பூட்டிவைக்கிற ஹெப்சிடின் ஏறும், அதனால் இரத்தசோகை வரும். காய்ச்சல் அடிக்கும் இரண்டு மூன்று நாளைக்கு இந்த ஏற்பாடு சரி. கட்டி மாதக்கணக்கில் இருக்குமே. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஒரு வாரம் சமையல், பள்ளிக்கூடம், துணி துவைப்பது எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஓடலாம், ஒரு வருடம் ஓட முடியுமா?

இந்த அவசரகாலப் புரதங்களுக்கு மூலப்பொருள் எங்கிருந்து வரும் என்று பார்த்தால், தசையில் இருந்து. தசை கரைந்து அமினோ அமிலமாக ஈரலுக்கு வருகிறது. எலும்பும் தோலுமாகப் போன எலியை அறுத்துப் பார்த்தால் ஈரல் மட்டும் சுருங்காமல், சில சமயம் வழக்கத்தைவிடப் பெரிதாகவே இருக்கும். இதை நானே எத்தனையோ முறை தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஈரல் எடை என்று நோட்டில் ஒரு பத்தியே உண்டு. ஆனால் அந்த எண்ணை ‘ஒரு கிராம் திசுவுக்கு இவ்வளவு’ என்று வகுப்பதற்கு மட்டும்தான் பயன்படுத்தினேன். உடம்பு இளைக்கும்போது ஈரல் ஏன் இளைக்கவில்லை என்று ஒரு நொடி நின்று கேட்டிருந்தால் தீசிஸ் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சர்க்கரைக் கணக்கு தனிக் கதை. கார்ல் கோரி, கெர்டி கோரி தம்பதியைப் பாடப்புத்தகத்தில் கோரி சுழற்சி என்று எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். ஓடும்போது தசையில் லாக்டிக் அமிலம் சேரும், அது ஈரலுக்குப் போய்த் திரும்ப குளுக்கோஸாகும், மீண்டும் தசைக்கு வரும். அவர்கள் அப்போது அமெரிக்காவில் பஃபலோ நகரில் ஒரு புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதும், 1925-இல் ஒரு கோழியை வைத்து அழகான சோதனை ஒன்று செய்தார்கள் என்பதும் எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு இறக்கையில் மட்டும் ரவுஸ் கட்டி (கோழிக்கு வைரஸால் வருகிற கட்டி) உள்ள கோழி. இரண்டு இறக்கைகளில் இருந்தும் திரும்பி வருகிற இரத்தத்தை எடுத்து அளந்தார்கள். கட்டியுள்ள பக்கத்து இரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம். அதே கோழி, அதே நேரம், அதே சாப்பாடு. ஒரு பக்கத்துக்கு மறுபக்கமே ஒப்பீடு. இதைவிடச் சிக்கனமாக ஒரு சோதனையை யோசிக்க முடியாது. கட்டி சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது என்று ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் கண்ணாடிக் குடுவையில் கட்டித் துண்டுகளை வைத்துப் பார்த்ததை இவர்கள் உயிருள்ள உடம்பிலேயே காட்டிவிட்டார்கள்.

கட்டி ஒரு குளுக்கோஸை லாக்டிக் அமிலம் வரைக்கும் மட்டும் உடைத்தால் அதற்குக் கிடைப்பது 2 ஏ.டி.பி., அதாவது செல்லின் சக்திக் காசு இரண்டு. அந்த லாக்டிக் அமிலத்தைத் திரும்ப ஒரு குளுக்கோஸாகக் கட்ட ஈரலுக்கு ஆகிற செலவு 6. கட்டி இரண்டு ரூபாய் சம்பாதிக்க ஈரல் ஆறு ரூபாய் கட்டுகிறது, கட்டிய சர்க்கரை மறுபடி கட்டிக்கே போகிறது. கந்துவட்டிக்காரன்கூட இதைப் பார்த்தால் வெட்கப்படுவான். சிராக்யூஸ் நகரில் ஜோசப் கோல்டு என்பவர் 1968-இல் இதை வைத்தே, புற்றுநோயில் உடம்பு உருகுவதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான், இதை ஈரலில் அடைத்துவிட்டால் போதும் என்றார். அடைப்பதற்கு ஹைட்ரசீன் சல்பேட்டை எடுத்துக்கொண்டார். யோசனை அவ்வளவு சுத்தமாக இருந்தது, எனக்கே பிடித்திருந்தது. 1994-இல் பெரிய அளவில் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளின் முடிவு வந்தபோது பலன் ஒன்றும் இல்லை. கணக்கு சரியாக இருப்பதும் காரணம் சரியாக இருப்பதும் வேறு வேறு.

இந்த இடத்தில் நாய் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு படித்த தோழி ஒருத்தியின் கணவர் கால்நடை மருத்துவர். அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் வந்த ஒரு லாப்ரடார் நாயைப் பற்றிப் பேச்சு வந்தது. “அதுக்கு ஆர்.எல். போடறதுக்கு யோசிப்பேன்” என்றார். ஆர்.எல். என்றால் ரிங்கர் லாக்டேட், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் தொங்கவிடுகிற பை. ஏன் என்றேன். கொலராடோவில் கிரெகரி ஓகில்வியும் அவரோடு இருந்தவர்களும் லிம்போமா வந்த நாய்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள். அந்த நாய்களுக்குச் சும்மா இருக்கும்போதே இரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்) அதிகம், இன்சுலினும் அதிகம். ஆர்.எல். ஏற்றிப் பார்த்தபோது லாக்டேட் இன்னும் ஏறியது என்று 1990-இல் எழுதினார்கள். பையில் இருக்கிற லாக்டேட்டையும் ஈரல்தானே கையாள வேண்டும். ஒரு பை ஏற்றினால் நாய் செத்துவிடாது, அதையும் அந்தக் கால்நடை மருத்துவரே சொன்னார், ஆனால் ஏற்கெனவே கூடுதல் ஷிப்ட் பார்க்கிறவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏன் வைக்க வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். அதே குழு 1992-இல் காட்டிய இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மருந்து கொடுத்து, லிம்போமா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கிய பிறகும், அந்த நாய்களின் லாக்டேட்டும் இன்சுலினும் இயல்புக்குத் திரும்பவில்லை. கிரீன்ஸ்டைனின் எலிகளில் கட்டி போனதும் கேடலேஸ் திரும்பியது. நாயில் சர்க்கரைக் கணக்கு திரும்பவில்லை. எலியை வைத்து எல்லா விலங்குக்கும் ஒரே தீர்ப்பு எழுதக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் எலி விஷயத்தில் உண்டு. 200 கிராம் எலியில் 20 கிராம் கட்டி என்பது ஆய்வகத்தில் பெரிய விஷயமே இல்லை. 60 கிலோ மனிதரில் அது 6 கிலோ கட்டிக்குச் சமம்.

பட்டினி கிடக்கும்போது ஈரல் செய்கிற பெரிய வேலை கீட்டோன் தயாரிப்பு. கொழுப்பை எடுத்து, மூளைக்கும் தசைக்கும் எரிபொருளாக மாற்றி அனுப்பும். விரதம் இருக்கிறவர்கள் வாயில் வருகிற ஒரு மாதிரி வாசனை அதுதான். கேம்பிரிட்ஜில் 2016-இல் வந்த ஒரு ஆய்வு இந்த இடத்தில் கையை வைத்தது. பெருங்குடல் கட்டியும் கணையக் கட்டியும் உள்ள சுண்டெலிகள், கட்டியில் இருந்து வருகிற இன்டர்லூகின்-6 காரணமாக, பட்டினியிலும் போதுமான கீட்டோன் செய்ய முடியாமல் திணறுகின்றன. எரிபொருள் பற்றாக்குறை என்று உடம்பு பதறி, கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. அது நம்முடைய ஸ்டீராய்டு மாத்திரைகளின் உறவுக்காரன், நோய் எதிர்ப்பை அடக்கிவிடும். விளைவு, அந்தச் சுண்டெலிகளில் இம்யூனோதெரபி, அதாவது நோய் எதிர்ப்பைத் தூண்டிப் புற்றைத் தாக்க வைக்கிற சிகிச்சை, எடுபடவில்லை. ஈரலில் ஒரு அடுப்பு அணைந்தது, மருந்து வேறெங்கோ தோற்றது. நடுவில் இருந்த படிகளை இவ்வளவு தெளிவாக யாராவது கோத்துக் காட்டினால் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து, 2018-இல், நியூயார்க்கில் நுரையீரல் புற்றுநோய் உள்ள சுண்டெலிகளுக்கு ஃபீனோஃபைப்ரேட் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரைதான், ஈரலில் கீட்டோன் அடுப்பைப் பற்றவைக்கிற சுவிட்சைத் தட்டுகிறது. அந்தச் சுண்டெலிகளின் தசை கரையாமல் நின்றது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம், ஹைட்ரசீன் கதையை மேலே சொல்லியிருக்கிறேன்.

மருந்தை உடைப்பதும் ஈரலின் வேலைதானே, அதுவும் மந்தமாகிறது. வாக்கர் 256 கட்டி உள்ள எலிகளின் ஈரலில் மருந்தை உடைக்கிற என்சைம்கள் குறைந்துவிடுகின்றன என்று 1960களிலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு இது எந்தப் பத்திரிகையும் படிக்காமல் தெரியும். கட்டியுள்ள எலிக்கு நான் கீட்டமின் என்ற மயக்க மருந்தை அளந்து எடுத்தால் பின்னால் இருந்து “அதுக்குக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க, எந்திரிக்க லேட்டாகும்” என்பார். எடைக்குத் தக்கபடிதான் அண்ணே போடுறேன் என்று நான் எண்ணைக் காட்டுவேன். எலி லேட்டாகத்தான் எழுந்திருக்கும். 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் டேவிட் லைடனின் குழு வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது. கட்டி செல்கள் உதிர்க்கிற நுண்ணிய பைகள் இரத்தம் வழியாக ஈரலுக்கு வருகின்றன, உள்ளே பால்மிட்டிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள். ஈரலில் காவல் நிற்கிற குஃபர் செல்கள் அதைத் தின்றுவிட்டு டி.என்.எஃப். என்ற புரதத்தை விடுகின்றன. ஈரலில் கொழுப்பு படிகிறது, மருந்தை உடைக்கிற சைட்டோகுரோம் பி450 வகை என்சைம்கள் இறங்குகின்றன, கீமோதெரபி மருந்தின் விஷத்தன்மை ஏறுகிறது. ஈரலில் ஒரு புற்று செல்கூட இல்லாதபோதே இவ்வளவும்.

அப்படி மாறிப்போன ஈரல் புற்று செல்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது என்பதையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2019-இல் காட்டினார்கள். கணையக் கட்டி உள்ள சுண்டெலிகளில் ஈரல் செல்கள்தான், அதே இன்டர்லூகின்-6, அதே ஸ்டாட்-3, அதே சீரம் அமைலாய்ட் ஏ வழியில், பரவி வருகிற செல்களுக்கு முன்கூட்டியே இடம் தயார் செய்கின்றன. ஈரல் செல்லில் மட்டும் ஸ்டாட்-3ஐ எடுத்துவிட்டால் பரவுவது குறைகிறது. காய்ச்சலுக்காக வைத்திருந்த ஏற்பாடு.

பழ ஈயில்கூட இது நடக்கிறது. ஈக்கு ஈரல் கிடையாது, கொழுப்புத் திசுதான் அந்த வேலையைப் பார்க்கும். ஈயில் கட்டியை உண்டாக்கினால் அது இன்சுலினை மடக்குகிற ஒரு புரதத்தை விடுகிறது, தூரத்தில் இருக்கிற கொழுப்பும் தசையும் கரைகின்றன. 2015-இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் ஒரே சமயத்தில் இதை வெளியிட்டன.

இனி என்னைத் தூங்கவிடாமல் செய்த ஆய்வுக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் பவ்லோ சசோனே-கோர்சியின் ஆய்வகம், 2016. ஈரலுக்கு ஒரு உள்கடிகாரம் உண்டு. எந்த என்சைம் எந்த நேரத்தில் ஏற வேண்டும், எப்போது சர்க்கரை செய்ய வேண்டும், எப்போது கொழுப்பைக் கட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் 24 மணி நேர அட்டவணை. நுரையீரலில் கட்டி உள்ள சுண்டெலிகளின் ஈரலை அவர்கள் நாள் முழுக்க, சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் பற்சக்கரங்களான மரபணுக்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டிய வேலைகள் தாறுமாறாகிவிட்டன. தாளத்தோடு ஏறி இறங்கிய பல மரபணுக்கள் தட்டையாகிவிட்டன, முன்பு தாளமே இல்லாத சில புதிதாக ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டன. இன்சுலின் சொல்வதை ஈரல் காதில் வாங்குவதில்லை. நுரையீரலில் இருக்கிற கட்டி ஈரலின் அட்டவணையைத் திருத்தி எழுதுகிறது, நடுவில் தூதுவன் யார் என்று பார்த்தால் திரும்பவும் ஸ்டாட்-3 வழிதான்.

இதைப் படித்து முடித்ததும் பரணில் இருந்து என் பழைய ஆய்வக நோட்டை இறக்கினேன். கரையான் அட்டையை மட்டும் தின்றிருந்தது, உள்ளே மை மங்கவில்லை. கேடலேஸ் தினசரித் தாளத்தோடு ஏறி இறங்குகிற என்சைம்களில் ஒன்று. அப்படியென்றால் எலியைக் காலையில் அறுத்தேனா மாலையில் அறுத்தேனா என்பது முக்கியம். தீசிஸில் நேரம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. நோட்டில் இருந்தது, நான் எழுதியதல்ல, அந்த விலங்குக்கூடத்து அண்ணன் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தது. கூண்டு திரும்பி வந்த நேரத்தை அவர் தன் கணக்குக்காக எழுதுவார் போல. முதல் குழு, கட்டியில்லாத எலிகள்: 9.40. இரண்டாவது குழு, கட்டி உள்ளவை. அன்று மதியம் கரண்ட் போய், சென்ட்ரிஃபியூஜ் நின்று, நாங்கள் எல்லாரும் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் எழுதியிருந்தார்: 4.15.

மற்ற நாட்களையும் புரட்டினேன். எல்லா நாளும் அதே வரிசை. கட்டியில்லாதவை காலையில், கட்டி உள்ளவை சாப்பாட்டுக்குப் பிறகு. குழு 1, குழு 2 என்று நோட்டில் எழுதியிருந்த வரிசையிலேயே கூண்டைத் திறந்திருக்கிறேன்.